கொங்சி என்றால் என்ன? பினாங்குச் சீனர்களின் குடும்பப்பெயர்ச் சங்கங்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஆர்மினியன் தெருவுக்கும் பீச் ஸ்திரீட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், கவனிக்காமல் நடந்தால் தவறவிட்டுவிடக்கூடிய ஒரு குறுகலான வழி இருக்கிறது. உள்ளே போனால் கருங்கல் பாவிய பெரிய முற்றம். ஒரு பக்கம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மாளிகை. அதன் கூரை முழுக்க டிராகன்களும் பூக்களும் போர்வீரர்களும். அதற்கு நேர் எதிரே ஒரு நாடக மேடை. சுற்றிலும் ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். சுற்றுலா வருபவர்கள் பலர் இதைச் 'சீனக் கோயில்' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே சாமி இருப்பது உண்மைதான். ஆனால் இது வெறும் கோயில் இல்லை. 'கூ' என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களின் சங்கக் கட்டடம். முழுப்பெயர் லியோங் சான் தோங் கூ கொங்சி.

கொங்சி என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு இடமே போதும். கோயில், தர்ம ஸ்தாபனம், பஞ்சாயத்து, வங்கி, ஒரு காலத்தில் அடியாட்களின் கோட்டை என்று பல வேலைகளை ஒரே அமைப்பு செய்திருக்கிறது. இத்தனையும் எதன் மேல் நின்றது என்று பார்த்தால், பக்தியின் மேல் பாதி, வாடகையின் மேல் பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதல் பாதியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

யார் உறுப்பினர்?

சீனர்களின் பெயரில் குடும்பப்பெயர்தான் முதலில் வரும். அது தகப்பன் வழியாக வருவது. ஒரே குடும்பப்பெயர், ஒரே பூர்வீகக் கிராமம், ஒரே மூதாதை என்றால் அவர்கள் நம் கணக்கில் பங்காளிகள். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. காரியம், படையல், சொத்து என்று வரும்போது சேர்ந்து நிற்க வேண்டியவர்கள்.

அதனால் 'கூ' என்று பெயர் இருந்தாலே கூ கொங்சியில் இடம் கிடைத்துவிடாது. தென்சீனாவின் ஹொக்கியன் மாகாணத்தில், சாங்சோ வட்டாரத்தில் சின் காங் என்றொரு கிராமம் உண்டு. அங்கிருந்து வந்த கூ வம்சத்தாருக்கான சங்கம் இது. வேறு ஊர் கூ வந்து நின்றால் மரியாதையாகத் தேநீர் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

குடும்பப்பெயர்ச் சங்கம் ஒரு வகை. ஊர் அல்லது வட்டார அடிப்படையில் சேர்வது இன்னொரு வகை. அதை ஹுவே குவான் என்பார்கள். குவாங்டோங் மாகாணத்தின் காயின் வட்டாரத்திலிருந்து வந்த ஹக்கா மொழிக்காரர்கள் 1801இலேயே பினாங்கில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டார்கள். தியோச்சியூ மொழி பேசுபவர்களுக்கு ஹான் ஜியாங் மூதாதையர் கோயில். தொழிலை வைத்துச் சேர்ந்தவர்களும் உண்டு. தச்சர்கள் சங்கம் லவ் லேனில், தச்சுத் தொழிலின் தெய்வமான லூ பானை வைத்துக் கும்பிடுகிறது. ஒரே மனிதன் மூன்றிலும் இருக்கலாம். கல்யாணப் பஞ்சாயத்துக்குக் கொங்சி, ஊர் விஷயத்துக்கு ஹுவே குவான், கூலி விஷயத்துக்குத் தொழிற்சங்கம் என்று போய்க்கொண்டிருந்திருப்பான்.

பினாங்கு ஹொக்கியன்காரர்களில் ஐந்து குடும்பப்பெயர்கள் பெரியவை: கூ, சியா, யோ, லிம், தான். ஐந்துக்கும் தனித்தனிக் கொங்சி உண்டு. ஐந்துமே ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. சியா கொங்சி தன் தொடக்கத்தை 1810 என்று கணக்கு வைத்திருக்கிறது. யோ கொங்சி இருப்பது சூலியா தெருவின் கடற்கரைக் கோடியில். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று இருந்த பெயர். அவர்கள் பெயரில் தெரு, அதன் முனையில் சீனக் கொங்சி. பினாங்கு அப்படிப்பட்ட ஊர்.

கப்பலை விட்டு இறங்கியவனுக்கு என்ன தேவை?

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கை எடுத்துக்கொண்டார். வரி இல்லாத துறைமுகம் என்றதும் வியாபாரிகளும் கூலிகளும் குவிந்தார்கள். கம்பெனிக்கு வியாபாரம் நடந்தால் போதும். வந்து இறங்குகிறவன் எங்கே படுப்பான், காய்ச்சல் வந்தால் என்ன ஆவான் என்பதெல்லாம் அதன் கவலை இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தானை நியமித்து, 'உங்கள் ஆட்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டது. சீனர்களுக்கு முதல் கப்பித்தான் கோ லே ஹுவான். தமிழ் முஸ்லிம்களுக்குக் காதர் முகைதீன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர் பெயரைத்தான் சொல்கிறது.

இப்போது சின் காங் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலியே கடன். அதை அடைக்க எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்று அவனுக்கே தெரியாது. மலாய் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து மாகாணத்துச் சீனன் பேசுவதும் விளங்காது. ஹொக்கியனும் கான்டனீஸும் ஒருவருக்கொருவர் புரியாத மொழிகள். அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரி அவன் பெயர்தான். 'நான் சின் காங் கூ' என்று சொன்னால், எந்தக் கிளை, தாத்தா பேர் என்ன என்று விசாரிப்பார்கள். ஒரு தலைமுறையில் பிறந்த ஆண்களுக்கெல்லாம் பெயரில் ஒரே எழுத்து வரும்படி வைக்கும் வழக்கம் உண்டு. அதை வைத்தே இவன் தனக்குத் தம்பி முறையா, சித்தப்பா முறையா என்று எதிரில் இருப்பவன் கணக்குப் போட்டுவிடுவான்.

கணக்கு சரியாக வந்தால் படுக்க இடம் கிடைக்கும், உறவுக்காரன் கடையில் வேலை கிடைக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வழி சொல்வார்கள். எழுதத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். கடன் தகராறு வந்தால் பெரியவர்கள் கூடித் தீர்த்து வைப்பார்கள். கடைசியில் செத்தால் சவப்பெட்டிக்கும் குழிக்கும் வழி உண்டு. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். அன்று அதுதான் பெரிய பயம். பிள்ளை குட்டி இல்லாமல் அந்நிய மண்ணில் செத்தவனுக்கு யார் ஊதுபத்தி ஏற்றுவார்கள்? பெயர்ப்பலகை வைத்து வருஷா வருஷம் படைக்க ஆள் இல்லாவிட்டால் பசித்த ஆவியாக அலைய வேண்டியதுதான் என்பது நம்பிக்கை. பல பழைய சீனச் சங்கங்கள் இடுகாட்டுக்கு நிலம் வாங்கியதில் தொடங்கியது இதனால்தான்.

நிலம் வந்த கதை

1835இல் பினாங்கில் இருந்த கூ வம்சத்தார் 102 பேர், தங்கள் காவல் தெய்வத்தின் பிறந்தநாளுக்குக் கூடினார்கள். பூசைக்காகச் சேர்ந்த கூட்டம்தான்; ஆனால் அன்று அவர்கள் பொதுவாக ஒரு நிதி போட்டார்கள். அந்தப் பணம் வளர்ந்து, 1851இல் இன்றைய முற்றம் இருக்கும் இடத்தில் சங்கம் குடியேறியது. அதற்குப் பிறகும் வாங்குவது நிற்கவில்லை. சுற்றியிருந்த வீடுகள், கடைவீடுகள் என்று பெருகிக்கொண்டே போனது.

இந்த வரிசை வீடுகளைப் பார்க்கும்போது ஒன்று புரியும். அவை முற்றத்தைச் சுற்றி மதில் போல நிற்கின்றன. வெளித்தெருவிலிருந்து உள்ளே வர இரண்டு மூன்று குறுகிய வழிகளை விட்டால் வேறு வழி இல்லை. உள்ளே குடியிருந்தவர்கள் பங்காளிகள், குறைந்த வாடகை. வெளிப்பக்கக் கடைகளை மற்றவர்களுக்கு விட்டார்கள். கோயில் விளக்கு எரிந்தது, பள்ளிக்கூடம் நடந்தது, ஏழைப் பையன் படித்தது எல்லாம் இந்த வாடகைப் பணத்தில். கூ கொங்சி நடத்திய சின் காங் பள்ளிக்கும் அதே மூலதனம்தான்.

சொத்து யார் பெயரில் இருக்கும்? பத்திரத்தில் சில தர்மகர்த்தாக்களின் பெயர் இருக்கும். ஆனால் அவர்கள் விற்றுத் தின்ன முடியாது. தனி மனிதன் சொத்து மூன்று தலைமுறையில் பாகம் பிரிந்து காணாமல் போகும். இது பாகம் பிரியாது. வெள்ளைக்காரன் சட்டத்தில் இந்த மாதிரி விஷயங்கள் அத்தனை சுலபமாகவும் இல்லை. பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி, மூதாதையர் வழிபாட்டுக்காக ஒரு வீட்டை என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று உயில் எழுதினார். வழக்கு, காலனிகளுக்கு அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1875இல் தீர்ப்பு வந்தது: இதனால் பொதுமக்களுக்குப் பயன் இல்லை, குடும்பத்துக்குத்தான், ஆகவே தர்மமாகாது, உயிலின் அந்தப் பகுதி செல்லாது. தனி ஆள் செய்ய முயன்று தோற்றதைச் சங்கங்கள் வேறு வகையில் செய்து காட்டின. இன்று ஜார்ஜ் டவுனின் உள்நகரத்தில் பெரிய நில உரிமையாளர்கள் என்று எடுத்தால் கொங்சிகள் அந்தப் பட்டியலில் கட்டாயம் வரும்.

நம்மவர்களுக்கும் இது அந்நியமான வழி அல்ல. அதே ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். அதுவும் வட்டிக்கடை, கோயில், பொதுச்சொத்து மூன்றையும் சேர்த்துப் பிடித்த சமூகம். அந்த ரதத்துக்கு முன்னால் தெருவில் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதைத் தைப்பூசம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடிதடியும் உண்டு

கொங்சியின் வரலாற்றைச் சொல்பவர்கள் தர்ம காரியங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பாதிக் கதை. ஐந்து பெரிய குடும்பங்களின் பணம் மிளகு, ஈயம், கப்பல் ஆகியவற்றிலிருந்து மட்டும் வரவில்லை. அபின் விற்கும் குத்தகையிலிருந்தும் வந்தது. அந்தக் குத்தகையைக் கையில் வைத்துக்கொள்ள ஆள்பலம் தேவைப்பட்டது. அந்த ஆள்பலம் ரகசியச் சங்கங்களிடம் இருந்தது.

கூ கொங்சிக்குப் பக்கத்திலேயே, ஆர்மினியன் தெருவில், ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. கியன் தேக் என்ற ரகசியச் சங்கத்தின் தலைமையகமாக இருந்த இடம் அது. தோவா பே கோங் சங்கம் என்றும் சொல்வார்கள். அதன் தலைவர் கூ தியன் தேக், இதே வம்சத்துக்காரர். எதிர்ப்பக்கம் கீ ஹின் சங்கம். அதில் கான்டனீஸ்காரர்கள் அதிகம். 1867 ஆகஸ்டில் இரண்டும் மோதியபோது ஜார்ஜ் டவுன் பத்து நாள் போல எரிந்தது.

இது சீனர்களுக்குள்ளேயே நடந்த சண்டை என்று நினைத்தால் தவறு. அன்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்த இரண்டு கோஷ்டிகள் இருந்தன: செங்கொடி, வெண்கொடி. மொகரம் ஊர்வலங்களை ஒட்டி வளர்ந்த கோஷ்டிகள். செங்கொடி தோவா பே கோங்குடன் சேர்ந்தது, வெண்கொடி கீ ஹின்னுடன். எந்தத் தெருவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதில் இனத்தைவிடக் கோஷ்டிதான் பெரிதாக இருந்திருக்கிறது. கேனன் ஸ்திரீட் என்ற பெயரே அந்தக் கலவரத்தில் வெடித்த பீரங்கியால் வந்தது என்பது ஊர்ப்பேச்சு.

கூ தியன் தேக்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்தார்கள். இன்று ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அரசாங்கம் 1877இல் சீனர் விவகாரங்களுக்கென்று ஒரு தனி அலுவலகம் திறந்தது. 1890இலிருந்து ரகசியச் சங்கங்களுக்குத் தடை. பதிவு செய்துகொண்ட கொங்சிகளும் ஹுவே குவான்களும் தப்பித்தன. அதற்குப் பிறகுதான் அவை முழுக்க முழுக்கச் சாதுவான சங்கங்கள் ஆயின.

கட்டடத்தில் என்ன பார்ப்பது?

இப்போது இருக்கும் மாளிகை 1906இல் முடிந்தது. அதற்கு முன்னால் இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டினார்கள். 1901இல், சீனப் புத்தாண்டை ஒட்டி, அது எரிந்து போனது. பேரரசரின் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறுபடி கட்டியபோது அளவைக் குறைத்துக்கொண்டார்கள். குறைத்துக் கட்டியதே இப்படி என்றால் முதலாவது எப்படி இருந்திருக்கும் என்று தோன்றாமல் இருக்காது.

கூரையை அண்ணாந்து பார்த்தால் வண்ணம் பூசிய சிற்பம் போல இருக்கும். பூச்சு இல்லை. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துச் செய்தவை. டிராகனின் ஒவ்வொரு செதிலும் ஒரு கிண்ணத்தின் வளைவு. அதனால்தான் வெயிலும் மழையும் பட்டும் நிறம் மங்குவதில்லை. இதற்கென்றே தென்சீனாவில் கைவினைஞர்கள் உண்டு. பழுது பார்க்கும்போதும் அங்கிருந்துதான் வரவழைத்திருக்கிறார்கள்.

முன்மண்டபத்தில் தமிழர்களை ஒரு கணம் நிறுத்தும் ஒன்று இருக்கிறது: தலைப்பாகையும் தாடியுமாகக் கல்லில் செதுக்கிய சீக்கியக் காவலாளிகள். அன்று பணக்கார வீடுகளுக்கும் வங்கிகளுக்கும் சீக்கியர்கள்தான் காவல், 'ஜாகா' என்பார்கள். சிங்கச் சிலை வைப்பது மரபு என்றால், நிஜத்தில் யார் காவல் காக்கிறார்களோ அவர்களையும் வைத்துவிட்டார்கள்.

உள்ளே மூன்று கூடங்கள். நடுவில் காவல் தெய்வங்கள். ஒரு பக்கம் செல்வம் தரும் தோவா பே கோங். இன்னொரு பக்கம் மூதாதையர் கூடம்; அங்கே செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கும். சாமியைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது அந்தக் கூடத்தின் சுவர்கள். பொன் எழுத்துப் பலகைகள் மேலிருந்து கீழ் வரை. பேரரசு இருந்த காலத்தில் பட்டம் பெற்ற கூக்களுக்குப் பலகை வைத்தார்கள். பேரரசு போய்விட்டது, வழக்கம் போகவில்லை. வக்கீலானவர், டாக்டரானவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர் என்று பலகைகள் தொடர்ந்தன. செத்துப்போன தாத்தாக்களுக்குப் பேரன்களின் மார்க் ஷீட்டைக் காட்டும் இடம் என்று சொன்னால் கூக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியே நாடக மேடை கோயிலைப் பார்த்தபடி இருப்பதற்கும் காரணம் உண்டு. நாடகம் போடுவது சாமிக்காக. மனிதர்கள் நடுவில் முற்றத்தில் நின்றோ உட்கார்ந்தோ பார்த்துக்கொள்ளலாம்.

வருஷத்தில் இரண்டு காலங்கள் முக்கியமானவை. ஏப்ரல் 5 வாக்கில் கல்லறைகளைச் சுத்தம் செய்து படைக்கும் செங் பெங். டிசம்பர் 22 வாக்கில், அரிசிமாவு உருண்டை செய்து சாப்பிடும் தாங் செக். அந்த நாட்களில் கொங்சி மறுபடி கொங்சியாக இருக்கும். மற்ற நாட்களில் பெரும்பாலும் அருங்காட்சியகம்.

இப்போது என்ன ஆயிற்று?

கப்பலை விட்டு இறங்கிய பையனுக்குத் தேவைப்பட்டதை எல்லாம் இன்று வேறு யாரோ தருகிறார்கள். ஆஸ்பத்திரி இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, பணம் அனுப்பக் கைப்பேசி இருக்கிறது. அப்புறம் எதற்குக் கொங்சி? பல இளைஞர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். கல்வி உதவித்தொகை இன்னும் சிலரை இழுக்கிறது. பெண்கள் விஷயத்தில் இந்த அமைப்பு பழைய காலத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வம்சாவளி ஆண்வழியில் ஓடுகிறது. கூ வீட்டுப் பெண்ணின் பிள்ளை வேறு குடும்பப்பெயர்க்காரன், ஆகவே வெளியாள். ஆண் வாரிசு இல்லாத வீடுகள் கூடக் கூட, இந்தக் கணக்கே சங்கத்தின் ஆளைக் குறைக்கிறது.

2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பே ஒரு மாற்றம் நடந்துவிட்டது. பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிவைத்திருந்த சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு விலகியது. அதுவரை சொற்ப வாடகையில் இருந்த பழைய குடித்தனக்காரர்கள், கூடை முடைபவர்கள், பெயர்ப்பலகை செதுக்குபவர்கள் எல்லாம் உள்நகரத்தை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். பாரம்பரியம் என்று பட்டியலில் சேர்ந்தபோது, அந்தப் பாரம்பரியத்தை வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே இல்லை. நில உரிமையாளர் என்ற முறையில் கொங்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வேறு பக்கமும் பார்க்க வேண்டும். பொதுச்சொத்தாக இருந்ததால்தான் இந்த முற்றங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு அடுக்குமாடி ஆகாமல் தப்பின. தனியார் மாளிகைகள் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நிலமே இல்லாதவர்களின் கதை வேறு. துறைமுகக் கூலிகளும் படகோட்டிகளும் வெல்ட் கீ கரையில் கடலுக்குள் கால் ஊன்றி மரத்துறைகள் கட்டி, அதன் மேலேயே வீடு வைத்துக் குடியிருந்தார்கள். அங்கேயும் துறைக்கு ஒரு குடும்பப்பெயர்: லிம் துறை, சியூ துறை, தான் துறை. நிலத்தில் இல்லாததால் நிலவரி கிடையாது, பட்டாவும் கிடையாது. பட்டா இல்லாததன் விலை பின்னால் தெரிந்தது. கோவே குடும்பத்தாரின் துறையை 2006இல் இடித்துவிட்டார்கள். அரபு, பாரசீக முஸ்லிம் வணிகர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் வம்சம் அது. மூதாதைகளுக்குப் படைக்கும்போது பன்றிக்கறி வைக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து யுனெஸ்கோ வந்தபோது மற்ற துறைகள் தப்பித்துக்கொண்டன. சியூ துறையில் இன்று டீ-ஷர்ட் கடைகள் அதிகம். ஆனால் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, கரும்புக் கட்டுகளை நிறுத்தி வானுலகை ஆளும் தெய்வமான ஜேட் பேரரசருக்குப் படையல் போடும்போது அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அது கடைத்தெரு என்று தோன்றாது.

போக நினைப்பவர்களுக்கு: கூ கொங்சியில் நுழைவுக் கட்டணம் உண்டு. மூதாதையர் கூடத்துச் சுவர்ப்பலகைகளுக்கும் கீழ்த்தளத்து அருங்காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். முடித்துவிட்டு அப்படியே சில நிமிஷம் நடந்தால் சியா கொங்சி. சீன வேலைப்பாட்டோடு மலாய், ஐரோப்பியச் சாயலும் கலந்த கட்டடம், கூட்டமும் குறைவு. சூலியா தெரு பக்கம் போனால் ஹான் ஜியாங் கோயில். அதைப் பழுது பார்த்த விதத்துக்கு 2006இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே பீங்கான் பளபளப்பு அதிகம் இருக்காது. தியோச்சியூக்காரர்களின் மரவேலையும் வாசல் கதவுகளில் தீட்டிய காவல் வீரர்களும்தான் பார்க்க வேண்டியவை.